அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டானிக் போதுமா?



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நமது இலவச மருத்துவ முகாமில் தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாசம் தவறாம பிள்ளைக்குச் சளி பிடிக்குது டாக்டர். எதிர்ப்பு சக்தி கூடுறதுக்கு ஏதாவது வைட்டமின் எழுதிக் கொடுங்க."

சென்ற முகாமுக்கு நான்கு வயது மகனை அழைத்து வந்த ஒரு சகோதரி, கையில் ஒரு துணிப்பையும் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்து இரண்டு மல்ட்டி வைட்டமின் டானிக், ஒரு துத்தநாக சிரப், ஒரு இருமல் மருந்து, பிறகு வைட்டமின் டி பொடி பாக்கெட்டுகள் என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். ஒன்று பழைய சீட்டில் எழுதியது, ஒன்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, ஒன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நன்றாக வேலை செய்ததாம். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது என்றார். சளி மட்டும் நிற்கவில்லை.

மருத்துவர் பாட்டில்களைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளை என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டார். முட்டை கொடுத்தால் கபம் கட்டும் என்று உம்மம்மா நிறுத்திவிட்டார். வாழைப்பழம், ஆரஞ்சு, தயிர் எல்லாம் குளிர்ச்சி என்று நிறுத்தியாயிற்று. பால், பிஸ்கட், ரசம் சாதம். இவ்வளவுதான் அந்தப் பிள்ளையின் உணவு. சாப்பாட்டில் நிறுத்தியதை எல்லாம் அந்தத் தாய் பாட்டிலில் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்த இதழின் பாடம் இதைப் பற்றியதுதான். வைட்டமினுக்கும் சளிக்கும் உண்மையில் என்ன தொடர்பு? எப்போது கொடுக்க வேண்டும், எப்போது வீண், எப்போது ஆபத்து?

எத்தனை முறை வந்தால் அதிகம்?

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. ஐந்து வயதுக்கு உட்பட்ட நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பால்வாடிக்கோ, எல்.கே.ஜி.க்கோ போகத் தொடங்கிய முதல் ஆண்டில் பத்து, பன்னிரண்டு முறைகூட வரலாம். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. குழந்தையின் உடல் அவற்றை ஒவ்வொன்றாகச் சந்தித்துப் பழகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகி, இடையில் பிள்ளை நன்றாக விளையாடி, எடை கூடி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா வருவது, எடை கூடாமல் நிற்பது, காதில் அடிக்கடி சீழ் வடிவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பது, இரவிலும் ஓடி விளையாடிய பிறகும் இருமி இளைப்பது, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குவது. இவற்றுக்குப் பின்னால் ஆஸ்துமா, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீக்கம், காசநோய் போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். டானிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உண்மையான நோய் தெரியாமல் மறைந்து நிற்கும்.

திருச்சி மாவட்டம் உலகுக்குச் சொன்ன பாடம்

மூக்கு முதல் நுரையீரல் வரை காற்றுப் பாதையின் உள்பக்கம் ஒரு மெல்லிய ஈரமான படலம் உண்டு. கிருமியைத் தடுக்கும் முதல் வேலி அதுதான். அந்தப் படலம் பழுதில்லாமல் இருக்க வைட்டமின் ஏ வேண்டும். இந்தச் சத்து குறைந்தால் கண் மட்டும் கெடும் என்றே முன்பு நினைத்தார்கள். இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சோமர் என்ற கண் மருத்துவர், லேசான மாலைக்கண் உள்ள குழந்தைகளே மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்பதை 1983-ல் வெளியிட்டார்.

அதற்குப் பிறகு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் ரஹமத்துல்லா தலைமையிலான குழுவினர், திருச்சி மாவட்டத்தில் பள்ளி வயதுக்கு முந்தைய 15,419 குழந்தைகளுக்கு ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் சிறிது வைட்டமின் ஈ-யும். மற்றவர்களுக்கு வைட்டமின் ஈ மட்டும். ஏ கொடுத்த வாரந்தோறுமான அளவு சாதாரண உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய சிறிய அளவுதான். 1990-ல் வெளியான முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மறுபாதி ஒன்று உண்டு. அதே ஆய்வில் சளி, இருமல், வயிற்றுப்போக்கு எத்தனை முறை வந்தன என்றும் கணக்கெடுத்தார்கள். அதில் இரண்டு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது சத்து கிடைத்த பிள்ளைக்கும் நோய் வந்தது. ஆனால் வந்த நோயைத் தாங்கிப் பிழைக்கும் வலிமை அந்தப் பிள்ளைக்கு இருந்தது.

இன்று அரசுத் திட்டத்தில் 9 மாதத்தில் தட்டம்மை தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட்டும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம் யூனிட்டுமாக ஐந்து வயது வரை ஒன்பது தவணை வைட்டமின் ஏ திரவம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நாம் மேலே சொன்ன சகோதரியிடம் இதைக் கேட்டபோது, முதல் தவணை போட்டது நினைவிருக்கிறது, மற்றது தெரியாது என்றார். ஆயிரம் ரூபாய் டானிக் வாங்கிய வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் அவசியமான மருந்து விடுபட்டுப் போயிருந்தது. உங்கள் வீட்டிலும் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அங்கன்வாடியிலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். இந்தத் திரவத்தின் அளவு அதிகம் என்பதால், அட்டையில் பதியாமல் இரண்டு இடத்தில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது.

வைட்டமின் டி: யாருக்குப் பலன்?

கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோர் வாயிலும் வைட்டமின் டி. எலும்புக்கு மட்டுமல்ல, கிருமியைக் கொல்லும் சில புரதங்களைச் சுரக்கவும் உடலுக்கு இது தேவை. கடுமையாகக் குறைந்தால் எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் நோய் வரும். விலா எலும்பு மெலிந்த குழந்தையால் நெஞ்சை விரித்து மூச்சிழுக்கவோ, இருமிச் சளியை வெளியேற்றவோ முடியாது. எத்தியோப்பியாவில் 1997-ல் வெளியான ஆய்வில், நிமோனியாவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் இருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடப் பதின்மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது.

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டால் சளி நின்றுவிடுமா? உலகில் பல இடங்களில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மங்கோலியாவில் குளிர்காலத்தில் வெயிலே படாத பள்ளிப் பிள்ளைகள் 247 பேர். ரத்தத்தில் வைட்டமின் டி மிகமிகக் குறைவு. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் பாலில் 300 யூனிட் கலந்து கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுக்குச் சளி பிடித்த எண்ணிக்கை மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது. இது 2012-ல் வெளியான ஆய்வு.

அதே ஆண்டு வெளியான காபூல் ஆய்வில் சுமார் 3,000 கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்தார்கள். நிமோனியா குறையவில்லை. கனடாவின் டொராண்டோவில் 703 சின்னக் குழந்தைகளில் பாதிப்பேருக்குத் தினம் 400 யூனிட், மீதிப்பேருக்கு 2,000 யூனிட் கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் குளிர்காலத்தில் சளி பிடித்தது ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான். ஐந்து மடங்கு கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை.

2017-ல் 25 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு, தினமோ வாரந்தோறுமோ சிறிய அளவில் கொடுத்தபோதுதான் நல்ல பலன். மொத்தமாகக் கொடுத்த பெரிய அளவால் பலன் தெரியவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளையும் சேர்த்து 2025-ல் மீண்டும் கணக்கிட்டபோது, பொதுவான பலன் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எனவே குறைவு உள்ள குழந்தைக்கு வைட்டமின் மருந்து. குறைவு இல்லாத குழந்தைக்கு அது வெறும் செலவு. குடம் காலியாக இருந்தால் தண்ணீர் ஊற்றலாம். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழிந்துதான் போகும்.

நம் நாட்டில் குறைவு எவ்வளவு? 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 14 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைவும், 18 சதவீதத்தினருக்கு வைட்டமின் ஏ குறைவும், 19 சதவீதத்தினருக்குத் துத்தநாகக் குறைவும் இருந்தன. ரத்தசோகை 41 சதவீதம்! சளிக்காக வைட்டமின் டி பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடிய ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். கால் வளைவு, மணிக்கட்டு தடித்திருப்பது, நடக்கத் தாமதம், பல் முளைக்கத் தாமதம் போன்ற அறிகுறிகள் இருந்தால் மருத்துவரே வைட்டமின் டி பரிசோதனை எழுதுவார். ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் குழந்தைக்குப் போதுமானது. 12-க்குக் கீழே இருந்தால் குறைபாடு.

கைக்குழந்தைகளின் விஷயம் தனி. தாய்ப்பாலைவிடச் சிறந்த உணவு இல்லை என்றாலும் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதனால் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் 800 யூனிட் உள்ள பாட்டிலும் கடையில் கிடைக்கின்றன. லேபிளைப் படித்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இது ஹலாலா?" என்று சிலர் கேட்கிறார்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. மென்மையான கேப்சூலின் உறை ஜெலட்டினால் ஆனது. அதில் ஐயம் இருந்தால் சொட்டு மருந்தாகவோ பொடியாகவோ கேட்டு வாங்கலாம்.

நிழலைப் பார்த்து வெயிலில் விடுங்கள்

காலை இளவெயிலில் பிள்ளையைக் காட்டினால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது நம் வீடுகளில் பரவலான நம்பிக்கை. இளவெயில் உடம்புக்கு இதம்தான். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர், சூரியன் தாழ்வாக இருக்கும்போது பூமியை வந்தடைவது மிகக் குறைவு. திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் அது அதிகமாகக் கிடைத்தது.

இதைக் கண்டுபிடிக்க நமக்குக் கடிகாரம்கூட வேண்டாம். நிழலை வைத்துத் தொழுகை நேரம் பார்ப்பது நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளையின் நிழல் அவன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் பலன் உண்டு. அஸருக்குப் பிறகு நிழல் ஆளைவிட நீண்டுவிடும். அதற்கு மேல் விளையாடுவது உடற்பயிற்சிக்கு நல்லது. வைட்டமின் டி-க்கு அவ்வளவாக உதவாது. காலையில் மதரஸா, பகல் முழுக்க வகுப்பறை, மாலையில் டியூஷன் என்று இருக்கும் பிள்ளைக்கு இந்த வெயில் படவே வாய்ப்பில்லை. வாரத்தில் நான்கைந்து நாள், கை கால் தெரிய இருபது, முப்பது நிமிடம் விளையாட விடுங்கள். கோடையில் உச்சி வெயிலைத் தவிர்த்து பத்து, பத்தரை மணி வாக்கில் விடலாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தப் பலன் இல்லை. கைக்குழந்தையை உச்சி வெயிலில் காட்ட வேண்டாம். அதற்குச் சொட்டு மருந்து போதும்.

இது தாய்மாருக்கும் பொருந்தும். கருவிலிருக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி தாயிடமிருந்துதான் போகிறது. வெளியில் போகும்போது முழுக்க மூடிச் செல்லும் சகோதரிகள், வீட்டு முற்றத்திலோ மறைவுள்ள மொட்டை மாடியிலோ துணி உலர்த்தும் வேளையில் சற்று நேரம் கை, முகத்தில் வெயில் படும்படி இருந்தால் நல்லது. கர்ப்பிணிகள் இதை மருத்துவரிடமும் கேளுங்கள்.

அளவு மீறினால்

வைட்டமின் ஏ-யும் டி-யும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது உடனே சிறுநீரில் போய்விடாது, உடம்பில் தங்கும். கடையில் கிடைக்கும் வைட்டமின் டி பொடி பாக்கெட் ஒன்றில் இருப்பது 60,000 யூனிட். தினம் 400 யூனிட் தேவைப்படும் குழந்தைக்கு அது 150 நாள் அளவு! மருத்துவர் ஆறு வாரம் எழுதியதை ஆறு மாதம் கொடுப்பதும், வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று கொடுப்பதும் நடக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், பசியின்மை, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அந்தச் சகோதரியின் பையில் இருந்த இரண்டு டானிக்கிலும் ஏ, டி இரண்டுமே இருந்தன. அதற்கு மேல் பொடி வேறு. மூன்றையும் அன்றே நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.

வைட்டமின் சி-யைத் தினமும் மாத்திரையாகக் கொடுப்பதால் சளி பிடிப்பது குறைவதில்லை. தொடர்ந்து எடுத்து வரும் குழந்தைக்குச் சளி சற்றுச் சீக்கிரம் குணமாகிறது, அவ்வளவுதான். அன்றாடத் தேவைக்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ போதும். துத்தநாகம் வயிற்றுப்போக்குக்கு 14 நாள் கொடுக்கும் அவசியமான மருந்து. சளிக்கென்று தொடர்ந்து கொடுப்பதற்கில்லை. இருமல் சிரப் இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையும் இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் ஒரு சிறு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குக் கீழ் தேன் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சளி பிடித்திருந்தாலும் முட்டை, பழம், தயிர் எதையும் நிறுத்த வேண்டாம். காய்ச்சலில் உடம்புக்குச் சத்து கூடுதலாகத்தான் தேவைப்படும். வாரம் இரண்டு நாள் மத்தி மீன், தினம் ஒரு முட்டை, முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட், மாம்பழக் காலத்தில் மாம்பழம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சிறிது ஆட்டு ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ, இரும்பு, துத்தநாகம் மூன்றும் ஒரே தட்டில் கிடைக்கும். கீரையில் ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ சேருங்கள். வைட்டமின் ஏ உடம்பில் சேர அது வேண்டும்.

புகையை வீட்டுக்குள் விடாதீர்கள். பீடி, சிகரெட் புகை, கொசுவர்த்திச் சுருள், குளிப்பாட்டிய பிறகு குழந்தைக்குக் காட்டும் சாம்பிராணி என எல்லாப் புகையும் அந்த ஈரப் படலத்தைத்தான் அரிக்கிறது. வாப்பாமார் வாசலில் நின்று புகைத்தாலும் சட்டையில் ஒட்டி உள்ளே வருகிறது. கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

தடுப்பூசிகளைச் சரிபாருங்கள். நிமோனியாவைத் தடுக்கும் பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களிலும், நியூமோகாக்கல் ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வெளியிலிருந்து வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், உதடு நீலம் பாரித்தல், எழுப்பியும் எழாத அளவு சோர்வு, வலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் இரவென்று பார்க்காமல் போய்விடுங்கள். 108-ஐ அழைக்கலாம்.

அந்தச் சகோதரி சென்ற மாதம் மறுபடியும் வந்தார். கையில் துணிப்பை இல்லை. பரிசோதனையில் பையனுக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்து, மூன்று மாதம் இரும்புச்சத்து மருந்து மட்டும் கொடுத்திருக்கிறார். விடுபட்ட வைட்டமின் ஏ தவணையைச் செவிலியர் கொடுத்துவிட்டார். வீட்டில் முட்டை திரும்பி வந்துவிட்டது. "இப்பவும் சளி பிடிக்குது. ஆனா அஞ்சு நாள்ல எந்திரிச்சு ஓடிடுறான், எடையும் ஒன்றரை கிலோ கூடியிருக்கு" என்றார். மிச்சமான பணத்தில் வாரம் இரண்டு நாள் மீன் வாங்குகிறார்களாம்.

இன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க:

1. தாய் சேய் நல அட்டையில் வைட்டமின் ஏ எத்தனை தவணை பதிவாகியிருக்கிறது?
2. வீட்டில் இருக்கும் டானிக் பாட்டில்களில் ஒரே சத்து இரண்டு முறை வருகிறதா?
3. நிழல் குட்டையாக இருக்கும் நேரத்தில் பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் வெளியில் இருக்கிறான்?
4. சளியைக் காரணம் காட்டி எந்த உணவை நிறுத்தியிருக்கிறோம்?
5. குழந்தையின் மூச்சை எண்ண வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த முகாமுக்கு வரும்போது அட்டையையும், வீட்டிலுள்ள மருந்து பாட்டில்களையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.